வெள்ளிக்கிழமை நண்பகலில் நின்றுபோகும் இரைச்சல்

கீழக்கரைக் காசிம் தம்பிக்கு, பதில் வராது என்று தெரிந்தே லாத்தா அன்புடன் எழுதுவது.

நீங்கள் இறந்து, உங்கள் ஊர்ப் பேச்சில் மவுத்தாகி, ஐந்து மாதம் ஆகிறது. வாலிநோக்கம் நிலையத்தில் ஏரியல்கள் நான்கும் நிற்கின்றன. மேற்கு ஓரத்து ஏரியலின் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்தது, மாற்றிவிட்டேன். நீங்கள் செய்த ரிசீவர் ஓடுகிறது. இரண்டு பேனாக்களும் எழுதுகின்றன. இரண்டாவது பேனாவில் மை இன்னும் கசிகிறது. அதற்கு நீங்களும் வழி கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தக் கடிதம் கல்லூரி ஆண்டு மலரில் அச்சாகப் போகிறது. எல்லோரும் படிப்பார்கள். அது எனக்குப் பிடிக்காத காரியம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி, மேலே ‘அந்தரங்கம்’ என்று போட்டு, உறையை ஒட்டித் துறைத் தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன். பழியை ஒட்டிய உறைக்குள் அனுப்பியவள், திருத்தத்தையும் ஒட்டிய உறைக்குள் அனுப்பினால் சரியாக இருக்குமா?

அடுத்த மாதம் கல்லூரியின் ஆய்வுக் குழு கூடுகிறது. உங்கள் ரிசீவரில் பதிவான எட்டு மாதச் சுருள்களை வைத்துக்கொள்வதா, எரித்துவிடுவதா என்று முடிவு செய்வார்கள். எரிக்கலாம் என்று எழுதியது நான்தான்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதினோரு வருடம் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆப்பரேட்டர். கரையேறிய பிறகு எங்கள் நிலையத்துக்கு மெக்கானிக்காக வந்தீர்கள். நான் இயற்பியல் விரிவுரையாளர், நிலையத்துக்குப் பொறுப்பாளர். வந்த முதல் வாரமே என்னை லாத்தா என்றீர்கள். உங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் கூப்பிடச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டரை வரை காகிதச் சுருளில் பதிவு செய்வது நம் வேலை. வாலிநோக்கத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கே கரண்ட் இல்லை என்பதற்காகத்தான். உப்பளம், பனை, உடைமரம், கடல். ஏரியலுக்கு இடைஞ்சல் செய்ய ஒரு மோட்டார்கூடக் கிடையாது. நாம் பேட்டரியில் ஓட்டினோம்.

பிறகு கரண்ட் வந்தது. பள்ளிக்கூட வாசலில் முதல் விளக்கு எரிந்தபோது ஊரே கூடிக் கைதட்டியது. நாம் இரண்டு பேர் மட்டும் ஓரமாக நின்றோம்.

“ஊருக்கு வெளிச்சம் வந்திருக்கு லாத்தா. நம்ம மூஞ்சியப் பாத்தா எழவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிங்க,” என்றீர்கள்.

சிரிக்க முடியவில்லை. மறுநாளே பேனா நடுங்கத் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் கோடு விரல் தடிமனுக்கு வீங்கியது. சூரியன் ஏதாவது சொல்லியிருந்தாலும் அந்த வீக்கத்துக்குள் தேட வழியில்லை.

நீங்கள் மூன்று மாதம் பட்டறையிலேயே கிடந்து புது ரிசீவரைச் செய்தீர்கள். பெட்டிக்குள் பெட்டியாக இரண்டு தகரக் கவசம். முன்பகுதிக்கு நல்ல வால்வு. கண்சிமிட்டும் நேரத்தில் வந்துபோகும் கூர்மையான துடிப்புகளை வெட்டிவிடும் ஒரு சுற்று. அதற்குக் ‘கத்திரி’ என்று பெயர் வைத்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளைக் கேட்டு இரண்டு பேனாவால் எழுதும் ஏற்பாடு. சூரியனில் வெடிப்பு நடந்தால் முதல் பேனா எழும்பிச் சில நொடி கழித்துத்தான் இரண்டாவது எழும்பும். பக்கத்தில் எங்காவது மின்பொறி பறந்தால் இரண்டும் ஒன்றாகத் துள்ளும். எது வானத்தில் இருந்து வந்தது, எது தரையில் இருந்து வந்தது என்று பிரித்துவிடலாம்.

நான் பாராட்டவில்லை. கத்திரியைத்தான் பிடித்துக்கொண்டேன். “அது சூரியனையும் சேர்த்து வெட்டினால் நமக்கு எப்படித் தெரியும்?”

“சூரியன் அம்புட்டு அவசரக்காரன் இல்ல லாத்தா. வந்தா ரெண்டு மூணு நொடி நின்னு பேசிட்டுத்தான் போவான். இந்தப் பொறிதான் கதவத் தட்டிட்டு ஓடிப்போற களவாணி.”

“நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது?”

“நம்பாதீக. பாருங்க.”

பார்த்தேன். நான் பார்த்தது வேறொன்றாக ஆகிவிட்டது.

கத்திரி பெரும்பகுதியை வெட்டியபோதும் மீதி இரைச்சல் இரண்டு கோடுகளையும் தடிக்கவைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும், பன்னிரண்டு மணிக்கு நீங்கள் ஜும்மாத் தொழுகைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், பத்து நிமிடத்துக்குள் கோடு நூலாக மெலியும். ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்ப்பீர்கள். கோடு மறுபடி தடிக்கும். நாலு வாரம் பார்த்தேன், ஒரு வாரமும் தவறவில்லை. மற்ற நாட்களில் பதினொரு மணிக்கு நீங்கள் டீக்குப் போகும் கால்மணி நேரமும் அப்படியே.

நீங்கள் இருந்தால் இரைச்சல், நீங்கள் போனால் அமைதி. இதைப் பார்த்த எந்த மாணவியும் என்ன முடிவுக்கு வருவாளோ அதற்குத்தான் நானும் வந்தேன். பட்டறையில் நீங்களே கட்டிய சிறு ரேடியோ செட் ஒன்று இருந்தது. ஒருமுறை நான் கதவைத் திறந்தபோது காதுக்கருவியை அவசரமாகக் கழற்றி வைத்தீர்கள். “கொழும்புல நல்ல பாட்டு,” என்று சிரித்தீர்கள். அந்த மாதிரிச் செட்டுகள் கேட்பதோடு நிற்காமல் அலையை வெளியேயும் கக்கும். அது எனக்குத் தெரியும். உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

உப்பளத்தில் கடல்நீரை இறைக்கப் புதிதாகப் போட்ட மோட்டாரை நான் மறக்கவில்லை. அங்கே போய்க் கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

“மோட்டாரா? காலைல ஆறு மணிக்குப் போட்டா சாயங்காலம் ஆறு மணிக்குத்தாம்மா நிக்கும். நடுவுல நிறுத்துனா மொதலாளி என்னைய நிறுத்திருவாரு. நோட்டப் பாருங்க,” என்று ஓட்டப் பதிவேட்டை நீட்டினார். ஒவ்வொரு நாளும் ஆறு முதல் ஆறு வரை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நிற்காமல் ஓடும் மோட்டார் நின்றுபோகும் இரைச்சலுக்குக் காரணமாக முடியாது என்று அதை அடித்துவிட்டேன். கடலில் பதினோரு வருடம் காதை நம்பிப் பிழைத்த மனிதரைச் சந்தேகித்தேன், கோடு போட்ட ஒரு நோட்டை நம்பினேன். எழுதிவைத்தது என்றால் எனக்கு ஏன் அப்படி ஒரு மரியாதை?

அதன்பிறகு ஒரு சோதனையும் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஈயக் கம்பி வாங்கிவரச் சொல்லி உங்களை ராமநாதபுரத்துக்கு அனுப்பினேன். கம்பி தேவையே இல்லை. அன்று முழுவதும் கோடு நூலாக ஓடியது. சாயங்காலம் உட்கார்ந்து அந்த அந்தரங்கக் கடிதத்தை எழுதினேன். நிலைய ஊழியர் ஒருவரால் உண்டாகும் இடைஞ்சல், எட்டு மாதப் பதிவும் நம்பத்தக்கதல்ல என்று.

துறைத் தலைவர் என்னை அழைத்துப் பேசினார். “கப்பல்ல தந்தி அடிச்ச ஆளும்மா. கடலுக்கு அந்தப் பக்கம் யாருக்கு என்ன அடிக்கிறானோ? போலீஸ்ல சொல்லி வைக்கட்டுமா?”

“இப்போது வேண்டாம்,” என்றேன். ‘அப்படிப்பட்டவர் இல்லை’ என்று சொல்லவில்லை தம்பி. இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று இந்த ஐந்து மாதமாக யோசிக்கிறேன்.

சுருள்களில் நான் போட்ட சிவப்புப் பென்சில் கோடுகளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

“என்ன லாத்தா, முழுசும் செவப்பா இருக்கு? பரீச்சைல எனக்கு எத்தன மார்க்கு?”

“வழக்கமான குறிதான்,” என்றேன்.

சுருளைச் சுற்றி என் மேசையில் வைத்தீர்கள். “சரி லாத்தா,” என்று போய்விட்டீர்கள். அதற்கடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தீர்கள். உப்பு லாரியில் ஏற்றி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உத்தரகோசமங்கை தாண்டும்போது நீங்கள் இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் நிலையத்தில் தனியாக இருந்தேன். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கோடு மெலிந்தது. ஒன்றே முக்காலுக்குத் தடித்தது.

உடனே உங்களை நிரபராதி என்று தீர்த்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இறந்தவர் பேரில் மனம் இளகும், இளகிய மனம் அளவு எடுக்காது. வேறு யாரோ உங்கள் செட்டை ஓட்டுகிறார்களா என்றுதான் முதலில் தோன்றியது. பட்டறையைத் திறந்து பார்த்தேன். செட் பலகையின் அடியில் கிடந்தது. வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். அதன்மேல் படிந்திருந்த தூசி ஒரு வாரத்துத் தூசி அல்ல. எப்போது கழற்றினீர்கள்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

கீழக்கரைக்குப் போனேன். உங்கள் மனைவி ஜெய்னம்பு தாய்வீட்டில், கணவர் போனபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமலிருக்கும் இத்தாவில் இருந்தாள். வெள்ளைச் சேலையில் அவளை அடையாளம் தெரியவில்லை. பேச்சுவாக்கில், வாலிநோக்கத்தில் நீங்கள் இருவரும் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு ரேடியோ இருந்ததே, அது எங்கே என்று கேட்டேன்.

“அத எங்க அண்ணன் வீட்டுல குடுத்துட்டாரு லாத்தா. எம்புட்டு ஆசையா வாங்குன பொட்டி! பட்டறைல இருந்த செட்டையும் கழத்திப் போட்டுட்டேன்னாரு. ஏன்னு கேட்டா, ‘எதனால எரையுதுன்னு தெரியல புள்ள, எங்கிட்ட இருக்கறத ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்குறேன். லாத்தா என்னையத்தான் பாக்குறாக’ன்னாரு. நீங்க அவரு மேல என்ன சந்தேகப்பட்டீக?”

அவளுடைய அம்மா தேநீர் கொண்டுவந்தார். அதைச் சாக்காக வைத்து நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மதுரையில் ஒரு கை ரேடியோ வாங்கினேன். மறு சனிக்கிழமை அதில் எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தி, காதருகே பிடித்துக்கொண்டு மின்கம்பங்களை ஒட்டி நடந்தேன். கரகரப்பு ஏறிக்கொண்டே போனது. உடைமரப் புதர் தாண்டி வளைவில் திரும்பினால் உப்பளத்து மோட்டார் கொட்டகை. நம் நிலையத்திலிருந்து பார்த்தால் அந்தக் கொட்டகை தெரியாது. மோட்டார் ஓட்டும் சீனி வெளியே உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சர், பாட்டுக் கேட்டுக்கிட்டே வாரீக? பாட்டே வரலயே, கொர்ருங்குது. பொட்டி ரிப்பேரா?”

“சீனி, மோட்டாரை ஒரு நிமிஷம் நிறுத்துங்க.”

“ஏன் டீச்சர், என் சோத்துல மண்ணப் போடவா? கணக்கப்புள்ள பாத்தா என்னைய உரிச்சுப் பாத்தில காயப்போட்டுருவாரு.”

“ஒரே நிமிஷம்.”

நிறுத்தினார். கை ரேடியோ அடங்கியது. போடச் சொன்னேன், கத்தியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டாரை யார் பார்ப்பார்கள்?”

“யாரு பாக்குறது? நிறுத்திப் போட்டுத் தொழுகப் போயிருவேன்.”

“பதிவேட்டில் ஆறு முதல் ஆறு என்று இருக்கிறதே?”

சீனி வாய்விட்டுச் சிரித்தார். “அது காலைலயே சாயங்காலம் வரைக்கும் சேத்து எழுதிருவாக டீச்சர். மொதலாளி படிக்கறதுக்கு.”

“பள்ளிவாசலுக்கு எப்படிப் போவீர்கள்?”

“இப்ப நடதான். முன்னாடி காசிம் காக்கா சைக்கிள்ல. அங்கன வேலிக்கிட்ட வந்து மணியடிப்பாக. நான் மோட்டார அமத்திட்டு ஓடுவேன். நான் மிதிப்பேன், அவுக பின்னாடி குந்திக்கிருவாக. ‘மூச்சு வாங்குது சீனி, நீ மிதி’ம்பாக. டீக்கும் அப்படித்தான்.” அண்ணனைத்தான் அவர்கள் காக்கா என்பார்கள்.

மூச்சு வாங்கியதா? என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே. ஒரே அறையில் உங்கள் பேனாக் கோட்டை அத்தனை உன்னிப்பாகப் பார்த்தவளுக்கு அது ஏன் தெரியவில்லை?

“ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ராமநாதபுரம் போனாரே, நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன்.

“மறக்குமா? மோட்டார் பெல்ட் பிஞ்சு போச்சு, தைக்கக் கொண்டுபோனேன். காக்காவும் ஏதோ கம்பி வாங்கணும்னு வந்தாக. ஒரே பஸ்ல போயி ஒரே பஸ்ல வந்தோம். அல்வா வாங்கித் தந்தாக டீச்சர். ‘லாத்தா திடீர்னு நமக்கு லீவு விட்டுட்டாக’ன்னு ஒரே சிரிப்பு.”

இதுதான் நடந்தது தம்பி. நீங்கள் போனபோதெல்லாம் சீனியும் போனார். நீங்கள் வந்தபோதெல்லாம் சீனியும் வந்தார். வளைவுக்கு அப்பால் இருவர் ஏறிய சைக்கிளில் வளைவுக்கு இப்பால் நான் ஒருவரை மட்டும் பார்த்தேன்.

அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்து உங்களைக் குற்றவாளி ஆக்கினேன். ஒரு சனிக்கிழமையை வைத்து விடுவித்தால் அதுவும் அதே பிழைதானே? வெள்ளிக்கிழமை நண்பகலில் மோட்டார் ஓட வேண்டும், கோடு தடிக்க வேண்டும், அப்போதுதான் முடிவு. சீனியிடம் கேட்டேன். “ஜும்மாவ விட்டுட்டு ஓட்டவா? காக்கா கபுர்ல இருந்து எந்திரிச்சு வந்து அடிப்பாக,” என்றார். கடைசியில் எனக்குச் சுவிட்சைப் பழக்கிவிட்டார். “கைய நல்லாத் தொடச்சுக்கங்க. ஈரக்கையோட தொட்டா நீங்களும் காக்காகிட்டப் போயிருவீக.”

வெள்ளிக்கிழமை நிலையத்தில் பேனாக்களைத் தனியே எழுதவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பன்னிரண்டரைக்கு மோட்டாரைப் போட்டேன். பத்து நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏலே, எவன்டா அது தொழுக நேரத்துல ஓட்டுறது?” என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “அம்மா... நீங்களா?”

“நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானமும் மோட்டார் ஓடியது,” என்றேன். நான் வேடிக்கையாகப் பேசி நீங்கள் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

திரும்பி வந்து பார்த்தால் சுருளில் மூன்று தடித்த பட்டைகள். சீனி பள்ளிவாசலில், நீங்கள் மண்ணில், இரைச்சல் என் கையில். அடுத்த வெள்ளிக்கிழமையும் செய்து பார்த்தேன். அதேதான்.

அதன் பிறகு உங்கள் உதிரிபாகப் பெட்டியிலிருந்த மின்தேக்கிகளில் இரண்டை எடுத்து மோட்டாரின் கம்பிகளில் இணைத்தேன், பொறி பறக்கவிட்ட தேய்ந்த பிரஷ்களையும் மாற்றச் செய்தேன். கோடு பாதியாக மெலிந்திருக்கிறது. மீதியை உங்கள் கத்திரி பார்த்துக்கொள்கிறது.

எட்டு மாதச் சுருள்களையும் விரித்து, ஒவ்வொரு எழுச்சியிலும் இரண்டு பேனாவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தேன். இரைச்சல் தடித்திருந்த நாட்களில்கூட, முதல் பேனா முந்தி இரண்டாவது பிந்தி எழுந்த இடங்கள் தெளிவாக இருக்கின்றன. நீங்கள் சொன்னபடி சூரியன் நின்று பேசிவிட்டுத்தான் போயிருக்கிறது. கத்திரி அதைத் தொடவில்லை. இரைச்சலோடு வேலை செய்யவென்றே நீங்கள் செய்த கருவியை, இரைச்சல் இருக்கிறது என்று நான் ஒதுக்கினேன்.

ஆனால் மூன்று நாட்கள் இன்னும் பிடிபடவில்லை. மூன்றும் தொடக்க வாரங்களில் வந்தவை. மழையில் கரண்ட் நின்றுபோய் மோட்டார் ஓடாத நாட்கள், இருந்தும் இரண்டு பேனாவும் ஒன்றாகத் துள்ளியிருக்கின்றன. அது மின்னலாக இருக்கலாம், உங்கள் செட்டாகவும் இருக்கலாம். கொழும்பில் நல்ல பாட்டு வந்த நாட்களாக இருக்கலாம். இல்லை என்று எழுதினால் அது உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று மலர் ஆசிரியர் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். தெரியாததைத் தெரியாது என்றே விட்டிருக்கிறேன். நீங்களும் ‘பாருங்க’ என்றுதானே சொன்னீர்கள்?

குழுவின் முன்னால் அந்தரங்கக் கடிதத்தை முதலில் நானே முழுவதும் உரக்கப் படிப்பேன். பிறகு இதைப் படிப்பேன். நம்பாதவர்களை ஒரு வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு அழைத்துப்போய்ச் சுவிட்சை அவர்கள் கையிலேயே கொடுப்பேன். சுருள்கள் எரியாது. ரிசீவரைச் செய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

அதற்கெல்லாம் முன்பு கீழக்கரைக்குப் போகிறேன். ஜெய்னம்புவின் இத்தா முடிந்துவிட்டது. நான் என்ன சந்தேகப்பட்டேன் என்று அவள் கேட்டாள். துறைத் தலைவர் போலீஸ் என்று சொன்னதையும், நான் ‘இப்போது வேண்டாம்’ என்றதையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல் அவளிடம் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் போய்விடுவேன். உட்காரச் சொன்னால் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன் தம்பி.

உங்களைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே சந்தேகித்த உங்கள் லாத்தா,
சௌந்தரம்